நம்புவதும் புரிந்துகொள்வதும்: பரிணாமப் பாடம் ஏன் நீதிமன்றப் படியேறியது?

மத்தியப் பாடத்திட்டத்துக்குப் பாடநூல் வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. அமைப்பின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முன்பு 12 சிவப்பு வண்டுகள் இருந்தன. பச்சைப் புதரில் வாழும் அவற்றைக் காகங்கள் கொத்தித் தின்னும். இனப்பெருக்கத்தின்போது தற்செயலாக ஒரு பச்சை வண்டு பிறக்கும். இலையோடு இலையாக இருக்கும் அது காகத்தின் கண்ணில் படாது. அதன் வழிவந்தவை பிழைத்துப் பெருகும். சிவப்பு வண்டுகள் குறைந்துகொண்டே போகும். 2023-இல் வந்த பதிப்பில் இந்த வண்டுகள் இல்லை. மரபுவழியையும் பரிணாமத்தையும் சேர்த்துப் பேசிய இயல், மரபுவழியோடு நின்றுவிட்டது.

அந்தச் செய்தி வந்தபோது இரண்டு குரல்கள் உரக்கக் கேட்டன. மதம் அறிவியலை வகுப்பறையிலிருந்து துரத்துகிறது என்றது ஒன்று. பரிணாமம் நிரூபிக்கப்படாத வெறும் கொள்கைதானே, போனால் என்ன என்றது மற்றொன்று. இரண்டுமே அவசரமானவை. மத நம்பிக்கைக்கும் பரிணாமப் பாடத்துக்கும் உண்மையில் மோதல் உண்டா, உண்டென்றால் எந்த இடத்தில் என்பதைச் சாட்சிகளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டுப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 80 ஆண்டுகள் நடந்த வழக்குகளை, குறிப்பாக 2005-இல் நடந்த டோவர் வழக்கைப் புரிந்துகொண்டால், நம் ஊர்க் குழப்பத்திலும் பாதி தெளியும்.

முதலில் சொற்கள்

ஓர் உயிரினக் கூட்டத்தின் மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறுவதே பரிணாமம். மாறுவது கூட்டம், தனி உயிர் மாறுவதில்லை. மேலே சொன்ன சிவப்பு வண்டு எதுவும் பச்சையாக நிறம் மாறவில்லை. எந்த நிறம் கூட்டத்தில் எத்தனை பங்கு என்பதுதான் மாறியது. சூழலுக்குப் பொருந்திய பண்புள்ளவை அதிகச் சந்ததியை விட்டுச் செல்வதால் நடக்கும் மாற்றத்துக்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். 1859-இல் சார்லஸ் டார்வின் விரிவாக எடுத்துவைத்தது இதைத்தான்.

தமிழில் நாம் பழகிவிட்ட இரண்டு சொற்கள் இந்த இடத்தில் வழி தவறச் செய்கின்றன. 'பரிணாம வளர்ச்சி' என்று சொல்லிச் சொல்லி, இது ஏதோ ஓர் ஏணி, உச்சிப்படியில் மனிதன் நிற்கிறான் என்ற எண்ணம் ஊறிவிட்டது. இருட்டுக் குகையில் வாழும் சில மீன்கள் தலைமுறைகளின் போக்கில் கண்களை இழந்திருக்கின்றன, அதுவும் பரிணாமம்தான். இதற்கு இலக்கு கிடையாது. குரங்கு மனிதனாக மாறியது என்ற பேச்சும் இந்த ஏணியிலிருந்து வந்ததே. பெரியப்பா மகனும் நானும் ஒரே தாத்தாவின் வழி வந்தவர்கள். அவன் மாறி நான் பிறக்கவில்லை. சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அத்தகையது. இருவருக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

இரண்டாவது சொல், 'டார்வின் கொள்கை'. கட்சிக்குக் கொள்கை உண்டு, தனி மனிதருக்கும் உண்டு. பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம். அறிவியலில் கோட்பாடு என்பது அந்த வகையைச் சேர்ந்தது அன்று. பலமுறை சோதிக்கப்பட்டு, ஏராளமான தனித்தனி உண்மைகளை ஒரே கயிற்றில் கோத்து விளக்கும் அமைப்புக்கே அங்கு கோட்பாடு என்று பெயர். நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் ஒரு கோட்பாடுதான். சோதனைக்கு முந்தைய ஊகத்தைக் கருதுகோள் என்பார்கள். பரிணாமம் அந்த நிலையைத் தாண்டி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எதிர்த்தரப்பிலும் இரண்டு பெயர்களை அறிந்திருக்க வேண்டும். உயிரினங்கள் இப்போதுள்ள வடிவிலேயே கடவுளால் தனித்தனியாகப் படைக்கப்பட்டன என்பது படைப்புவாதம். அதன் கடுமையான பிரிவு, விவிலியத்தின் ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து ஏற்று, பூமிக்குப் பத்தாயிரம் ஆண்டுகூட வயதில்லை என்கிறது. சில உயிர் அமைப்புகள் மிகச் சிக்கலானவை, ஆகவே அறிவுள்ள ஒருவர்தான் அவற்றை அமைத்திருக்க முடியும் என்று வாதிட்டு, அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது அறிவார்ந்த வடிவமைப்பு வாதம்.

உலகம் ஏன் இருக்கிறது, கடவுள் உண்டா, மனிதன் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பரிணாமக் கோட்பாடு பதில் சொல்வதில்லை. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பதுகூடத் தனி ஆய்வுத் துறை.

டேட்டன் முதல் லூசியானா வரை

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்கிறது. அரசுப் பள்ளி அரசின் கை. ஆகவே அங்கே மதக் கருத்தைப் பாடமாக வைப்பது சட்டச் சிக்கலாகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரிசை விளங்கும்.

1. 1925: மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதை டென்னசி மாநிலம் தடை செய்தது. அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் டேட்டன் நகரில் விசாரிக்கப்பட்டு 100 டாலர் அபராதம் பெற்றார். அபராதத்தை நடுவர் குழுவுக்குப் பதில் நீதிபதி விதித்தார் என்ற நடைமுறைக் குறையால் 1927-இல் தீர்ப்பு ரத்தானது. தடைச் சட்டமோ 1967 வரை நீடித்தது. பாடநூல் வெளியீட்டாளர்கள் அஞ்சிப் பரிணாமத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய பிறகு, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில்தான் அது மீண்டும் முழு அளவில் புத்தகங்களுக்குள் வந்தது.

2. 1968: ஆர்கன்சா மாநிலத்தின் இதே போன்ற தடை செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். தடை என்ற வழி அத்துடன் அடைபட்டது.

3. 1982: தடை முடியாவிட்டால் சம நேரம் என்ற கோரிக்கை எழுந்தது. 'படைப்பு அறிவியல்' என்ற பெயரில் படைப்புவாதத்தையும் உடன் கற்பிக்கச் சொன்ன ஆர்கன்சாவின் புதிய சட்டத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

4. 1987: லூசியானாவின் சம நேரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற வாக்கில் ரத்து செய்தது. படைப்புவாதம் மதக் கருத்து என்பது இதன்பின் நாடு முழுவதற்கும் சட்ட முடிவாயிற்று.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பெயர் மாறியது. அறிவார்ந்த வடிவமைப்பு என்ற சொல் பள்ளிப் புத்தகத்துக்குள் எப்போது, எப்படி நுழைந்தது என்பது டோவரில் வெளிச்சத்துக்கு வந்தது.

டோவரில் நடந்தது

பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர் டோவர். 2004 அக்டோபர் 18 அன்று, ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் அதன் பள்ளி வாரியம் 6-க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்தவர்களில் இருவர் அன்றே பதவி விலகினார்கள். தீர்மானத்தின்படி, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஒரு சிறு அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். டார்வினின் கோட்பாடு நிறுவப்பட்ட உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உள்ளன, அறிவார்ந்த வடிவமைப்பு மாற்று விளக்கமாக இருக்கிறது, அது பற்றிய நூல் நூலகத்தில் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தார்கள். உண்மையில்லாததை உண்மைபோல் மாணவர் முன் சொல்வது தங்கள் தொழில் நெறிக்கு மாறானது என்று எழுத்தில் தெரிவித்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் அதிக மரியாதைக்குரிய செயல், வேலையைப் பணயம் வைத்த அந்த ஆசிரியர்களின் மறுப்பு என்பேன்.

பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை விசாரணை நடந்தது. நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். அதே அதிபர், இரு தரப்பையும் பள்ளிகளில் சொல்லித்தரலாம் என்று அந்த ஆகஸ்டில்தான் கருத்துத் தெரிவித்திருந்தார்.

விசாரணையில் மூன்று இடங்கள் முக்கியமானவை.

முதலாவது, பாக்டீரியாவின் கசையிழை. சுழலும் வால்போல இயங்கிப் பாக்டீரியாவை நீந்தச் செய்யும் உறுப்பு அது. இதில் ஒரு பாகத்தை எடுத்தாலும் எல்லாமே நின்றுவிடும். ஆகவே படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று வாதிட்டார் வாரியத்தின் சாட்சியான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. பெற்றோர் தரப்பின் சாட்சி கென்னத் மில்லர், கசையிழையின் பாகங்களில் ஒரு சிறு தொகுதியை மட்டும் ஒத்த அமைப்பு வேறு பாக்டீரியாக்களில் ஊசிபோலச் செயல்பட்டு, நச்சைப் பிற செல்களுக்குள் செலுத்துவதைக் காட்டினார். முழு இயந்திரம் இல்லாவிட்டாலும் பாகங்களுக்கு வேறு வேலை உண்டு. வேறு வேலை இருந்தால் அவை தேர்வுக்கு உட்பட்டு மெல்லச் சேர முடியும். வாதத்தின் அச்சாணி அங்கேயே கழன்றது.

இரண்டாவது, செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம். மனிதக் குரங்குகளுக்கு 48, நமக்கு 46. பொது மூதாதை உண்டென்றால் இந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? அதை இழந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்று கோட்பாடு முன்கூட்டியே சொல்கிறது. அப்படி ஒட்டியிருந்தால், நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை ஏதோ ஒரு குரோமோசோமின் நடுவில் கிடைக்க வேண்டும். குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கும் இடுக்குப் பகுதியான சென்ட்ரோமியர், அதில் இரண்டாவதாக ஒன்றின் எச்சமாகவும் இருக்க வேண்டும். மனிதனின் 2-ஆம் குரோமோசோமில் இரண்டும் கிடைத்திருக்கின்றன. கிடைக்காமல் போயிருந்தால் பொது மூதாதைக் கருத்து பெரும் சிக்கலில் மாட்டியிருக்கும். தோற்கும் வாய்ப்பைத் தானே முன்வந்து ஏற்பதுதான் அறிவியலின் அடையாளம். வடிவமைப்பு வாதம் இப்படி ஒரு சோதனையைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. அறிவியல் கோட்பாட்டுக்குப் பீஹி தரும் தளர்ந்த வரையறையை ஏற்றால் சோதிடமும் கோட்பாடாகிவிடுமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, ஆம் என்றே அவர் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, நூலகத்தில் வைக்கப்பட்ட அந்த நூலின் பழைய கைப்பிரதிகள். 1987 தீர்ப்புக்கு முந்தைய பிரதிகளில் 'படைப்பு', 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு', 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் கை தவறியிருந்தது. பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் அழியாமல், அவற்றுக்கு நடுவே புதிய சொல் உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் இதை நீதிமன்றத்தில் எடுத்துவைத்தார். பெயர் மாற்றம் மட்டுமே நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தீர்ப்பு எதன்மேல் நின்றது

2005 டிசம்பர் 20 அன்று வந்த 139 பக்கத் தீர்ப்பு, அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்றது. காரணங்கள்:

1. இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அது விளக்கமாக வைக்கிறது. அப்படிப்பட்ட காரணத்தைச் சோதிக்க அறிவியலிடம் கருவி இல்லை.

2. பரிணாமத்தில் ஒரு குறை காட்டினால் வடிவமைப்பு நிரூபணமாகிவிடும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒன்று தவறென்றால் மற்றொன்று தானாகச் சரியாகிவிடாது.

3. பரிணாமத்துக்கு எதிராக அது சொன்ன குறைகளுக்கு அறிவியலாளர்கள் ஏற்கெனவே பதில் அளித்துவிட்டார்கள்.

வாரிய உறுப்பினர்களில் சிலர் தங்கள் மத நோக்கத்தை மறைக்கச் சாட்சியத்தில் பொய் சொன்னார்கள் என்றும் நீதிபதி பதிவு செய்தார். நூலின் 60 படிகளை வாங்கப் பணம் திரட்டப்பட்ட இடங்களில் ஓர் உறுப்பினரின் தேவாலயமும் இருந்தது. அதை முதலில் சொல்லாமல் விட்டிருந்தார்கள். கடவுளின் பெயரால் தொடங்கிய காரியம் பொய்ச் சாட்சியத்தில் முடிந்ததை, நம்பிக்கை உள்ளவர்கள்தான் அதிகம் வருந்திப் பார்க்க வேண்டும்.

தீர்ப்புக்கு முன்பே, நவம்பரில் நடந்த தேர்தலில் டோவர் மக்கள் அந்த வாரியத்தாரைத் தோற்கடித்திருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் வழக்குச் செலவாகப் பள்ளி மாவட்டம் 10 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

கூண்டில் நின்ற நம்பிக்கையாளர்கள்

இந்த வழக்குகளை மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்று சொல்பவர்கள், பெற்றோர் பக்கம் யார் நின்றார்கள் என்று பார்ப்பதில்லை. கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அவரைப் போலவே பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியலாளர். ஒரு குவளைத் தேநீருக்கான தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்றால், மூலக்கூறுகள் வேகமாக அசைவதால் என்றும் சொல்லலாம், எனக்குத் தேநீர் வேண்டும் என்பதால் என்றும் சொல்லலாம். இரண்டும் வெவ்வேறு தளத்துப் பதில்கள் என்பது அவர் காட்டிய உவமை. 1982 ஆர்கன்சா வழக்கில் சம நேரச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் மெதடிஸ்ட், கத்தோலிக்க ஆயர்களும் இருந்தார்கள். முதல் மனுதாரரே ஒரு போதகர்.

1950-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்குத் திருச்சபை தடை சொல்லவில்லை என்று எழுதினார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவும் பொருள்படாது என்று 1973-இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்.

மோதல் எல்லோருக்கும் இல்லை என்றால் பிறகு யாருக்கு? மறைநூலின் படைப்பு வரலாற்றைப் பூமியின் வரலாறாகவே எழுத்துப்படி வாசிப்பவர்களுக்கு மோதல் உண்மையானது. அதை மழுப்பிப் பயனில்லை. பரிணாமம் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டது என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரும் பாடத்தின் எல்லையைத் தாண்டுகிறார். உயிரியல் பாடத்தால் அதையும் சோதித்துக் காட்ட முடியாது.

மாணவனிடம் தேர்வு கேட்பது, இந்த விளக்கம் எந்தச் சான்றுகளில் நிற்கிறது என்பதைச் சொல் என்று மட்டுமே. நீ இதை உன் வாழ்வின் உண்மையாக ஏற்றுக்கொள் என்று அது கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டால், வீட்டில் வேறு கேட்டு வளர்ந்த பிள்ளைகூட அச்சமில்லாமல் படிக்கும்.

இந்தியாவில் வேறு வடிவம்

இங்கே படைப்புவாதம் போன்ற இயக்கம் பாடநூல்களை எதிர்த்துப் பெரிதாக எழவில்லை. இங்குள்ள பழக்கம், பரிணாமம் எங்களிடம் முன்பே இருந்தது என்பது. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் என்று போகும் தசாவதார வரிசை, டார்வினின் கோட்பாட்டைவிடச் சிறந்தது என்று 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே பேசினார். புல் தொடங்கி மனிதன் வரை ஓர் உயிர் எடுக்கும் பிறவிகளைப் பாடும் பக்திப் பாடல்களைக் காட்டி இதையே சொல்பவர்கள் தமிழிலும் உண்டு. அவதாரம் இறைவனின் அருட்செயல் பற்றியது. பிறவிச் சுழற்சி ஆன்மாவின் பயணம் பற்றியது. வண்டுக் கூட்டத்தில் பச்சை நிறத்தின் பங்கு ஏன் கூடுகிறது என்பதை இரண்டும் விளக்க முயலவில்லை. அவற்றை உயிரியலாக்குவது உயிரியலையும் கெடுக்கிறது, பக்தியையும் சிறுமைப்படுத்துகிறது.

2018 ஜனவரியில், அப்போதைய மத்திய மனிதவள இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டம் மாற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. பின்னர் பத்தாம் வகுப்பில் பரிணாமம் நீக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் மதம் அன்று. கொரோனாவுக்குப் பின் பாடச் சுமையைக் குறைப்பது. தனிம வரிசை அட்டவணையும் அதே காரணத்தால் அந்த வகுப்பிலிருந்து போனது. ஆகவே மதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லச் சான்று இல்லை. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்ட திறந்த கடிதம் எழுப்பிய கேள்வி வேறு: காரணம் எதுவானாலும், இழப்பு யாருக்கு?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது என்ற பதிலில் இதற்கு விடை கிடையாது. அறிவியல் எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அதன்பின் வணிகவியல், கலைப் பிரிவுகளுக்குப் போகிறவர்கள், ஏன், உயிரியல் இல்லாமல் கணிதப் பிரிவு எடுப்பவர்களும் அந்தப் பாடத்தைத் தொடப்போவதில்லை. தமிழ்நாடு மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனி அலகாக இருக்கிறது. ஒரே தெருவில் இரு பாடத்திட்டங்களில் படிக்கும் இரு பிள்ளைகளில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கும், மற்றவருக்குத் தெரியாது.

காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதித்தரும் மருத்துவர், உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள் என்று ஏன் வற்புறுத்துகிறார்? மருந்து எளிதில் சாகக்கூடிய கிருமிகளை முதலில் கொல்கிறது. ஓரளவு தாங்கும் கிருமிகள் மிஞ்சி நிற்கும்போது நிறுத்தினால், அவை பெருகும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். காகமும் பச்சை வண்டும் சொன்ன அதே கதைதான் இது. புதிய புத்தகத்தில் மாணவர்கள் மெண்டலின் பட்டாணிச் செடிகள் வரை படிக்கிறார்கள்: நெட்டை, குட்டை, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். அந்த வேறுபாடுகள் தலைமுறைகளின் போக்கில் என்ன ஆகும் என்பது பழைய புத்தகத்தில் அதே இயலின் பிற்பகுதியில் இருந்தது.